வாசிப்பும் பகிர்வும்: விஞ்ஞானப் புனைகதை, அதிகற்பனைப் புனைகதை ஆகியன குறித்து ஒரு நோக்கு

நூல் வாசிக்கும் பழக்கமுடைய இருவர் சந்திக்கும்பொழுது அவர்களிடையே முதலிற் பிறக்கும் வினா, 'இப்பொழுது என்ன வாசிக்கிறீர்கள்?' என்பதாகும். விடை கூறுதல் எளிதெனத் தோன்றினும், விடை கூறுபவர் தம்மைப் பற்றியும் ஏதோவொன்றைக் கூறிவிடுகின்றார். ரோல்ஸ்ரோயை வாசிப்பவரும் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலை வாசிப்பவரும் தயக்கமின்றி அதனைச் சொல்லிவிடுவர். வேற்றுக் கிரகத்து மாந்தரைப் பற்றிய நாவலையோ, தீயுமிழும் நாகமும் மந்திரவாதியும் உலவும் கதையையோ வாசித்துக்கொண்டிருப்பவர் சற்றே தயங்குவர். 'பொழுதுபோக்குக்காக' என்றொரு சமாதானத்தையும் உடன் சேர்த்துக்கொள்வர்.

இத்தயக்கத்தைத் தனிமனிதக் கூச்சமாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அது ஒரு விமர்சனச் சூழலின் விளைவுமாகும். பேராசிரியர் க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்தது. நாவலைச் சமுதாய மாற்றங்களோடு இணைத்து நோக்கும் முறையினை அந்நூல் வாசகரிடையே வலுப்படுத்தியது. சாதி, நிலம், கூலி, தோட்டத் தொழிலாளர் வாழ்வு ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட படைப்புகள் உரிய மதிப்பைப் பெறுவதற்கு யதார்த்தம் என்னும் அளவுகோல் பெரிதும் துணைநின்றது. அப்பணியின் பெறுமதி இன்றும் குறைந்துவிடவில்லை. ஆயின், ஓர் அளவுகோல் குறிப்பிட்டதொரு தேவைக்காக உருவாக்கப்பட்டது என்பது மறக்கப்படுமாயின், தன்னால் அளக்கவியலாதவற்றையெல்லாம் அது பெறுமதியற்றவை எனத் தள்ளிவிடும். கண்ணாற் காணும் உலகைச் சித்திரிக்காத நாவல்கள் பலவும் 'தப்பியோடும் இலக்கியம்' என்ற ஒரே தலைப்பின்கீழ் அடக்கப்பட்டமை இவ்வாறு நிகழ்ந்ததே.

இவ்விடத்து இருவகைப் புனைகதைகளையும் வேறுபடுத்தி நோக்குதல் நன்று. விஞ்ஞானப் புனைகதை, அறியப்பட்ட இயற்கை விதிகளினின்றும், அல்லது நிகழக்கூடிய கண்டுபிடிப்பொன்றினின்றும் தொடங்கி, 'இவ்வாறாயின் மனிதர் என்ன ஆவர்?' என வினவுகின்றது. அதிகற்பனைப் புனைகதை இயற்கை விதிகளையே மாற்றியமைத்துக்கொண்டு அதே வினாவை வேறொரு வாயிலாக எழுப்புகின்றது. முன்னையது காரண காரியத் தொடர்பினை ஆதாரமாகக் கொள்ளும். பின்னையது பழங்கதை, ஐதிகம், நாட்டார் கதை ஆகியவற்றினின்றும் உரம்பெறும். எனினும், வாசகனுக்கு முன்பின் அறிமுகமற்ற ஓர் உலகினைச் சொற்களால் மட்டும் கட்டியெழுப்ப வேண்டிய பொறுப்பு இரண்டுக்கும் பொதுவானது.

இப்பொதுத்தன்மையினின்றும் ஒரு முக்கிய விளைவு பிறக்கின்றது. யதார்த்த நாவலுக்கு நூலுக்கு வெளியே சாட்சிகள் உண்டு. பருத்தித்துறைக் கடற்கரையையோ ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டத்தையோ ஒரு நாவல் பிழையாகச் சித்திரிக்குமாயின், அவ்விடத்தை அறிந்தவர் அதனைச் சுட்டிக்காட்டுவர். நூலினுள் மட்டுமே வாழும் ஓர் உலகுக்கு அத்தகைய சாட்சி இல்லை. அதனுள்ளே சென்று மீண்ட இன்னொரு வாசகனே அதன் சாட்சியாவான். அவ்வுலகின் நீதி நீதிதானா, அங்கு வாழும் மனிதர் மனிதராகத்தான் இருக்கின்றனரா, அல்லது அனைத்தும் ஆசிரியனது ஆசைக்கேற்ப ஆடும் பாவைகளா என்பனவற்றை வாசகர்கள் தமக்குள் பேசியே தெளிய வேண்டியுள்ளது. ஆதலால், வாசிப்பதைப் பிறருக்குச் சொல்லுதல் இவ்விலக்கிய வகைகளைப் பொறுத்தவரை ஒரு பக்கவிளைவு அன்று. அவை உயிர்வாழ்வதற்குரிய நிபந்தனை எனலாம். கனவு காண்பவனின் தனிமைக்குரியன எனக் கருதப்படும் இவ்வகைகளின் வரலாறோ, கூடியிருந்து வாசித்தோரின் வரலாறாகவே அமைந்துள்ளது.

விஞ்ஞானப் புனைகதையின் முதல் நூலெனப் பலராலும் கொள்ளப்படும் 'பிராங்கன்ஸ்ரைன்' தோன்றிய விதம் இதற்குத் தக்க சான்றாகும். இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815 ஏப்ரலில் வெடித்ததன் விளைவாக, அடுத்த ஆண்டு ஐரோப்பாவிற் கோடையே இல்லாது போயிற்று. 1816இன் அக்கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் மழையினால் வீட்டினுள் அடைபட்டிருந்த சிறு குழுவினர், ஜெர்மன் மொழியிலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்க்கப்பட்ட பேய்க்கதைத் தொகுதியொன்றைக் கூடியிருந்து வாசித்தனர். கவிஞர் பைரன், மருத்துவர் பொலிடோரி, கவிஞர் ஷெல்லி, பின்னர் மேரி ஷெல்லி என அறியப்பட்ட பதினெட்டு வயது மேரி ஆகியோர் அதில் இருந்தனர். வாசித்தவற்றைப் போன்ற ஒரு கதையை ஒவ்வொருவரும் எழுத வேண்டும் எனப் பைரன் முன்மொழிந்தார். உயிரின் மூலத்தைப் பற்றி அங்கு இரவுகளில் நிகழ்ந்த உரையாடல்களை மேரி செவிமடுத்தார். 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த அந்நாவல், அவ்வாறு பகிரப்பட்ட வாசிப்புக்கும் உரையாடலுக்கும் எழுதப்பட்ட மறுமொழியாகும்.

நூலின் பிறப்பிலும் பார்க்க அதன் உள்ளடக்கமே இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிராங்கன்ஸ்ரைன் படைத்த அப்பெயரற்ற உயிரி, தான் மறைந்துறையும் கொட்டிலினின்றும் ஓர் ஏழைக் குடும்பத்தைக் கவனிக்கின்றது. அக்குடும்பத்து இளைஞன் வேற்று நாட்டுப் பெண்ணொருத்திக்கு நூலொன்றை உரக்க வாசித்துக் கற்பிக்கையில், அதுவும் மறைந்திருந்து மொழியைக் கற்கின்றது. பின்னர் வழியிற் கண்டெடுத்த மூன்று நூல்களைத் தானே வாசிக்கின்றது: மில்ரனின் காவியம், புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகள், கேதேயின் 'வேர்தர்'. அவை அதன் உள்ளத்தைக் கிளறுகின்றன. ஆனால், கற்றதைச் சொல்லிக் கேட்பதற்கு அதற்கு ஒருவருமில்லை. கண்பார்வையற்ற முதியவர் மட்டுமே சிறிது நேரம் அதனுடன் பேசுகின்றார். மற்றோர் வந்ததும் அது அடித்துத் துரத்தப்படுகின்றது. அதன் கொடுமை அதன் பிறப்பினால் வந்ததன்று. வாசிக்கத் தெரிந்தும், வாசித்ததைப் பகிர்ந்துகொள்ளும் சமூகத்தில் இடம் மறுக்கப்பட்டமையால் வந்தது. வாசிப்பு மட்டும் மனிதரை மேம்படுத்திவிடும் என்ற எளிய நம்பிக்கையை அந்நாவல் நூறு பக்கங்களுக்குள் தகர்த்துவிடுகின்றது.

தனிப்பட்ட நட்புக் குழுவொன்றினுள் நிகழ்ந்த இப்பகிர்வு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் அச்சு ஊடகத்தினூடாகப் பரந்த வட்டமொன்றை அடைந்தது. 1926 ஏப்ரலில் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பார் நியூயோர்க்கில் 'அமேசிங் ஸ்ரோரீஸ்' என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். விஞ்ஞானப் புனைகதைக்கெனவே ஆங்கிலத்தில் வெளிவந்த முதற் சஞ்சிகை அது. மலிவுத் தாளில் அச்சிடப்பட்ட அதன் கதைகள் பலவற்றை இன்று எவரும் நினைவுகூர்வதில்லை. ஆனால், அதில் இடம்பெற்ற வாசகர் கடிதப் பகுதி நிலைத்த விளைவினை உண்டாக்கிற்று. கடிதம் எழுதியோரின் முகவரிகளும் உடன் வெளியிடப்பட்டமையால், ஒருவரையொருவர் அறியாது வெவ்வேறு ஊர்களில் இருந்த இளைஞர்கள் தமக்குள் நேரடியாகக் கடிதப் போக்குவரத்தைத் தொடங்கினர். கழகங்கள் தோன்றின, கையாற் படியெடுக்கப்பட்ட சிற்றேடுகள் தோன்றின. 1939 ஜூலையில் நியூயோர்க்கில் முதலாவது உலக மாநாடும் கூடிற்று. அம்மாநாட்டுக்கு வந்தோருள் பிற்காலத்திற் புகழ்பெற்ற ஐசாக் அசிமோவும் றே பிராட்பரியும் அடங்குவர். வாசகன் எழுத்தாளனாக மாறும் தூரம் இவ்வகையிற் குறுகியதாக இருந்தமைக்கு இக்கடிதங்களே காரணம்.

எனினும், வாசகர் வட்டங்களைக் குறையற்றனவாகச் சித்திரிப்பது உண்மைக்கு மாறாகும். அதே முதல் மாநாட்டின் வாயிலில், உட்பூசல் காரணமாக இடதுசாரிச் சார்புடைய இளைஞர் சிலர் உள்ளே செல்லவிடாது தடுக்கப்பட்டனர். உலகம் தழுவிய எதிர்காலத்தைப் பற்றிப் பேசக் கூடியோர், முதல் நாளிலேயே ஒரு கதவை அடைத்துக்கொண்டனர். பிற்காலத்திலும் அடைத்த கதவுகள் இருந்தன. கறுப்பின எழுத்தாளரான சாமுவேல் டிலேனி, தமது 'நோவா' நாவலைத் தொடராக வெளியிடச் செல்வாக்குமிக்க ஆசிரியரான ஜோன் காம்பெல் மறுத்ததைப் பின்னர் எழுதியுள்ளார். கறுப்பினத்தவரைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்ட கதையைத் தம் வாசகர் ஏற்கார் என்பதே கூறப்பட்ட காரணம். அலிஸ் ஷெல்டன் என்னும் பெண் எழுத்தாளர் ஜேம்ஸ் ரிப்றீ என்ற ஆண் பெயரில் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் எழுதினார். வேற்றுக் கிரகத்தவரை வரவேற்கத் தயாராக இருந்த வட்டம், பக்கத்து வீட்டாரை வரவேற்கத் தயங்கிற்று. பகிர்வு என்பது யாருக்கிடையே நிகழ்கின்றது என்ற வினாவை விலக்கிவிட்டு அதன் பெருமையைப் பேசுதல் இயலாது.

அதிகற்பனைப் புனைகதையின் வரலாற்றிலும் இத்தகையதொரு வட்டம் முக்கிய இடம்பெறுகின்றது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்பித்த ஜே. ஆர். ஆர். ரொல்கீனும் சி. எஸ். லூயிசும், தாம் வாசிக்க விரும்பும் கதைகள் போதியனவாக இல்லை என்று கண்டு, அவற்றைத் தாமே எழுதுவதெனத் தீர்மானித்தனர். லூயிஸ் விண்வெளிப் பயணத்தையும் ரொல்கீன் காலப் பயணத்தையும் பொருளாகக் கொள்வதென்பது ஏற்பாடு. லூயிசின் நாவல் 1938இல் வெளிவந்தது. ரொல்கீன் மேற்கொண்டது முற்றுப்பெறவில்லை. ஆயினும், லூயிசின் கல்லூரி அறையில் வியாழக்கிழமை இரவுகளிற் கூடிய நண்பர் குழுவில், 'லோட் ஒவ் த றிங்ஸ்' எனப் பின்னர் உலகறிந்த பெருநாவலின் அத்தியாயங்கள் எழுதப்பட எழுதப்பட வாசிக்கப்பட்டன. 1944இல், தென்னாபிரிக்காவில் விமானப்படையிற் பணியாற்றிய தம் மகனுக்கும் ரொல்கீன் அவற்றைத் தபாலில் அனுப்பினார். தம் எழுத்து ஓர் அந்தரங்கப் பொழுதுபோக்கிலும் மேலானதாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தைத் தமக்குத் தந்தவர் லூயிசே என அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 1954இலும் 1955இலும் மூன்று பாகங்களாக வெளிவந்த அந்நூல், கேட்பதற்குச் சிலர் இருந்தமையாலேயே முற்றுப்பெற்றது எனல் மிகையாகாது.

தப்பியோட்டம் என்னும் குற்றச்சாட்டுக்கு ரொல்கீன் 1939இல் சென். அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய உரையில் மறுமொழி கூறியுள்ளார். சிறைப்பட்டவன் தப்பிச் செல்வதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் விமர்சகர்கள் வேறுபாடின்றிக் குழப்பிக்கொள்கின்றனர் என்பது அவர் வாதம். சிறையில் இருப்பவன் சுவர்களைத் தவிர்ந்த வேறொன்றைப் பற்றிச் சிந்தித்தல் குற்றமாகாது. இவ்வாதம் வலுவுடையதே. ஆயினும் அதனைப் பாதி மறுமொழியாகவே கொள்ளவேண்டும். தப்பிச் சென்றவன் சிறையில் எஞ்சியிருப்போரைப் பற்றி நினைக்கின்றானா என்ற வினாவுக்கு அது விடை தரவில்லை. வெளியே சென்றவன் தான் கண்டதை உள்ளேயிருப்போருக்குச் சொல்லியனுப்புவானாயின், அது தப்பியோட்டம் என்ற பெயருக்குரியதன்று. தனக்கு மட்டும் ஒரு தோட்டத்தை அமைத்துக்கொண்டு அமர்ந்துவிடுவானாயின் விமர்சகரின் குற்றச்சாட்டு நிலைபெறும். ஒரு வகை முழுவதையும் ஏற்பதோ தள்ளுவதோ இயலாது. ஒவ்வொரு நூலையும் தனித்தனியே இவ்வினாவின் முன் நிறுத்தவேண்டும்.

அவ்வாறு நிறுத்தத்தக்க நூல்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளரான எர்சுலா லெ குவின் 1974இல் வெளியிட்ட 'த டிஸ்பொசெஸ்ட்' என்பது. உடைமையற்றோர் என அத்தலைப்பைத் தமிழிற் கூறலாம். தனியுடைமையும் அரசும் இல்லாத அனாரஸ் என்னும் வறண்ட உலகு, செல்வமும் வர்க்க வேறுபாடும் மிக்க ஊராஸ் என்னும் உலகு ஆகிய இரண்டினையும் ஒப்புநோக்கும் வகையில் நாவல் அமைந்துள்ளது. அதன் தொடக்கத்தில் ஒரு சுவர் காட்டப்படுகின்றது. அச்சுவர் எப்பக்கத்தை அடைத்து எப்பக்கத்தை விடுவிக்கின்றது என்பது நிற்பவரின் நிலையைப் பொறுத்தது. பௌதிகவியலாளனான ஷெவெக், பொதுவுடைமை பேசும் தன் சொந்த உலகிலேயே மூத்த அறிஞர் ஒருவரின் பொறாமையினால் தன் ஆய்வினை வெளியிட முடியாது தவிக்கின்றான். செல்வம் மிகுந்த உலகுக்குச் சென்றபொழுதோ, தன்னை உபசரிப்போர் தன் கோட்பாட்டை விலைக்கு வாங்கித் தம் உடைமையாக்கவே விரும்புகின்றனர் என உணர்கின்றான். ஈற்றில், எவருக்கும் தனியுடைமையாகாதவாறு அதனை எல்லா உலகங்களுக்கும் ஒருங்கே அறிவித்துவிடுகின்றான்.

இந்நாவலின் சிறப்பு, தான் சார்ந்து நிற்கும் இலட்சியத்தையும் அது விசாரணைக்கு உட்படுத்துவதிலேயே தங்கியுள்ளது. 'ஐயத்துக்கிடமான ஓர் இலட்சிய உலகு' என்னும் பொருள்பட அதற்கு உபதலைப்பு அமைந்தமை தற்செயலன்று. சட்டமில்லாத சமூகத்திலும் அயலாரின் அபிப்பிராயம் சட்டமாகிவிடக்கூடும் என்பதை லெ குவின் காட்டுகின்றார். பிரசாரத்துக்காக எழுதப்பட்ட யதார்த்த நாவல்கள் பலவற்றில் இல்லாத நேர்மை இவ்விண்வெளிக் கதையில் உண்டு. நில உரிமை, உழைப்பு, பெண்விடுதலை, அறிவின் உடைமை ஆகிய பிரச்சினைகளைப் பேசும் இந்நூலைக் கற்பனை உலகில் நிகழ்வது என்ற ஒரே காரணத்துக்காகத் தப்பியோட்டம் என்பவர், அதனை வாசிக்காதவராகவே இருத்தல் வேண்டும்.

அறிவு பகிரப்படுவதன் மேன்மையை லெ குவின் காட்டினாராயின், பகிர்வு தடுக்கப்படும்பொழுது நிகழ்வதை றே பிராட்பரி இருபத்தோராண்டுகள் முன்னரே காட்டியிருந்தார். அவரது 'பரனைற் 451' 1953இல் வெளிவந்தது. கல்லூரிக்குச் செல்ல வசதியற்று நூலகங்களிலேயே கற்ற அவர், லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக நூலகமொன்றின் நிலக்கீழ் அறையில், அரைமணி நேரத்துக்குப் பத்துச் சதம் வாடகையிட்டுத் தட்டச்சுப் பொறியில் அக்கதையை எழுதினார். தீயணைப்போர் தீ வைப்போராக மாறிவிட்ட எதிர்காலத்தில், நூல்களை எரிப்பதே தொழிலாகக் கொண்ட மொன்ராக் என்பவன் தானும் நூலொன்றை ஒளித்துவைக்கத் தொடங்குகின்றான்.

அந்நாட்டின் நூலெரிப்பு அரசின் ஆணையினால் மட்டும் தொடங்கியதன்று என்பதே நாவலின் கூரிய அவதானம். மனிதர் வாசிப்பதை முதலில் நிறுத்தினர். பின்னர் வாசித்ததைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினர். எரிப்பது அதன்பின் எளிதாயிற்று. மொன்ராக்கின் மனைவி, சுவரளவு திரைகளில் தோன்றும் மாந்தரைத் தன் குடும்பம் என்கின்றாள். செவியிற் பொருத்திய சிறு வானொலி அவளைக் கணவனின் குரலினின்றும் காக்கின்றது. நாவலின் உச்சமான காட்சி, வீட்டுக்கு வந்த பெண்களுக்கு மொன்ராக் ஒரு கவிதையை வாசித்துக் காட்டுவதாகும். அவர்களுள் ஒருத்தி தன்னையறியாது அழுகின்றாள், இன்னொருத்தி சினந்தெழுகின்றாள். மொன்ராக் அங்கே கவிதையை ஆயுதமாகப் பயன்படுத்துகின்றான். கேட்போரை இகழ்ந்துகொண்டு வாசிப்பது பகிர்வாகாது என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தாரோ இல்லையோ, காட்சி அதனை உணர்த்திவிடுகின்றது.

குறைகளும் இந்நாவலில் உண்டு. அறியாமையின் சுமையைப் பெரும்பாலும் பெண் பாத்திரங்களே சுமக்கின்றனர். மொன்ராக்கிடம் முதல் வினாவை எழுப்பும் இளம்பெண் இடையிலேயே மறைந்துபோகின்றாள். நகருக்கு வெளியே, ஆளுக்கொரு நூலை மனனஞ்செய்து காத்துவரும் அறிஞர் குழுவில் காணப்படுவோர் ஆடவரே. பொதுமக்கள் மீது ஆசிரியருக்குள்ள நம்பிக்கையும் மிகக் குறைவு. எனினும், நூல் என்பது தாளில் மட்டும் வாழ்வதன்று. ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் செயலில் வாழ்வது என்ற அதன் இறுதிக் காட்சி, இக்குறைகளைக் கடந்து நிற்கின்றது.

இந்நூலுக்கே நேர்ந்த ஒன்று அதன் கருத்தை மெய்ப்பித்தது. 1967இல் பாடசாலைகளுக்கென வெளியிடப்பட்ட பதிப்பில், பதிப்பகத்தார் ஆசிரியருக்கு அறிவிக்காது எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் மாற்றஞ் செய்திருந்தனர். நூல் தணிக்கையைக் கண்டிக்கும் நூலே பல ஆண்டுகள் தணிக்கை செய்யப்பட்ட வடிவில் விற்கப்பட்டு வந்தது. நூலை வாசித்த மாணவர்கள் இதனை ஆசிரியருக்கு எழுதித் தெரிவித்தனர் எனப் பிராட்பரி 1979இல் எழுதியுள்ளார். தனித்து ஒரு பிரதியை மட்டும் வாசித்தவன் இதனை ஒருபொழுதும் அறிந்திருக்க மாட்டான். பிரதிகளை ஒப்பிட்டும் வாசித்ததைப் பிறருக்குச் சொல்லியும் வந்த வாசகர்களே நூலை அதன் ஆசிரியருக்கு மீட்டுக்கொடுத்தனர்.

ஈழத்துத் தமிழ் வாசகர் இந்நாவலைக் கற்பனையாக மட்டும் வாசித்தல் இயலாது. 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய முயற்சியினின்றும் வளர்ந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். 1959இல் அது தனக்கெனக் கட்டப்பட்ட கட்டடத்திற் செயற்படத் தொடங்கியது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி ஜூன் 1ஆம் திகதி வரை நிகழ்ந்த வன்செயலில் அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. பிற்காலத்திற் கட்டடம் புனரமைக்கப்பட்டு நூலகம் மீளத் திறக்கப்பட்டது. ஆயினும் வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகள் மீளவில்லை. எரிந்தவற்றின் உள்ளடக்கத்தை எவரேனும் மற்றொருவருக்குச் சொல்லியிருந்தால், ஒரு படியாவது எடுத்துக் கொடுத்திருந்தால், அந்த அளவுக்கு அவை எஞ்சியிருக்கும். பிராட்பரியின் மனன மாந்தரைப் பிறநாட்டு வாசகர் ஓர் அழகிய கற்பனையாகக் காணலாம். இந்நாட்டு வாசகருக்கு அவர்கள் ஒரு கடமையை நினைவூட்டுவோராவர்.

தமிழ்ப் புனைகதை இவ்வகைகளுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கடவுளைச் சென்னை நகர வீதிக்கே அழைத்துவருகின்றது. அதனைத் தப்பியோட்டம் என எவரும் கூறுவதில்லை. கற்பனையின் வாயிலாக நகர வாழ்வின் யதார்த்தமே அங்கு வெளிப்படுவதை அனைவரும் ஏற்பர். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் தொடராக வெளிவந்தது. பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டியுள்ள சர்வாதிகார ஆட்சியை அது சித்திரிக்கின்றது. அக்கதையின் இயந்திர நாயை நினைவில் வைத்திருப்போர் பலர். அதன் அரசியலை விவாதித்தோர் சிலரே. வாரந்தோறும் ஓர் அத்தியாயத்தை வாசித்து, அடுத்த வாரம் வரை அதைப் பற்றிப் பேசும் பழக்கத்தைத் தொடர்கதை வளர்த்தது. அப்பேச்சு விமர்சனமாக வளராது போனமைக்கு, வாசகர் மட்டும் பொறுப்பாளிகள் அல்லர். அதனைச் செவிமடுக்க மறுத்த விமர்சகரும் பொறுப்பாளிகளே.

ஒரே நூலைப் பலர் வாசித்துப் பேசும்பொழுது அதன் பொருள் எவ்வாறு விரிவடைகின்றது என்பதற்கு இத்தீவோடு தொடர்புடைய சான்றொன்று உண்டு. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இற் கொழும்பிற் காலமான ஆதர் சி. கிளார்க்கின் 'த பவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' 1979இல் வெளிவந்தது. இலங்கையைத் தப்ரபேன் என்னும் பெயரில் 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, நிலநடுக்கோட்டில் நிறுத்தி, அதன் மலையுச்சியினின்றும் விண்வெளிக்கு ஏறும் தூக்கி ஒன்றை அமைக்கும் கதை அது. பிறநாட்டு வாசகர் பெரும்பாலும் பொறியியல் அற்புதத்தையே அதிற் காண்பர். இந்நாட்டு வாசகரோ அங்கே சீகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் காண்பர். நாவலில் அம்மலை பௌத்த மடமொன்றின் உரிமையாக உள்ளது. துறவிகள் மலையைவிட்டு நீங்குவதோடு முரண்பாடு தீர்ந்துவிடுகின்றது. நான்கு சமயத்தவரும் ஏறும் மலையாக அதனை அறிந்தவருக்கு அத்தீர்வு அத்துணை எளிதானதாகத் தோன்றாது. பொறியியல் கற்கும் மாணவனும், வரலாறு கற்கும் மாணவியும், அம்மலையில் யாத்திரை சென்ற முதியவரும் இந்நூலை வாசித்துத் தத்தம் கருத்தைக் கூறுவராயின், நூல் மூன்று மடங்கு பெரிதாகிவிடும்.

இவற்றை நோக்குமிடத்து, இவ்விலக்கிய வகைகளை மதிப்பிடுவதற்குரிய அளவுகோல், சித்திரிக்கப்பட்ட உலகம் கண்ணுக்குப் புலப்படுவதா என்பதில் தங்கியிருத்தல் ஆகாது. அவ்வுலகினின்றும் மீண்ட வாசகன் தன் அயலாரிடம் எடுத்துவருவது யாது என்பதே வினாவாதல் வேண்டும். மௌனத்தையும் மயக்கத்தையும் மட்டும் எடுத்துவருவானாயின், நூல் குறையுடையது. வினாவொன்றை எடுத்துவருவானாயின், அது யதார்த்த நாவலின் பக்கத்திலே வைக்கத்தக்கது. ஆனால், அவன் எதை எடுத்துவந்தான் என்பதை அறிவதற்கு அவன் பேசவேண்டும். பேசுவதற்கு முதலில் அவனுடைய வெட்கம் நீங்கவேண்டும்.

பல்கலைக்கழகங்களிலும் ஊர்களின் வாசிகசாலைகளிலும் கூடுவோர், 'இப்பொழுது என்ன வாசிக்கிறீர்கள்?' என்ற வினாவுக்கு மெய்யான விடையைக் கூறவும், அவ்விடையை ஏளனமின்றிக் கேட்கவும் பழகுவராயின், அதுவே விமர்சனத்தின் தொடக்கமாகும். மேரி ஷெல்லி படைத்த உயிரிக்கு வாய்க்காதது அத்தகையதொரு கேட்போன் மட்டுமே.